பிள்ளை வளர்க்கும் கற்பனைப் பிராணி

மஃரிபு பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. என் தங்கையின் மகன், பத்து வயதுச் சிறுவன், கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கைக்கடக்கமான ஒரு கருவியை உற்றுப் பார்த்தபடி இருந்தான். வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய 'கேம்பாய்' அது.

"தொழப் போகலையா?" என்று தங்கை குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா! இப்பத்தான் உருமாறப் போகுது!"

இரண்டாம் முறை அழைத்தாள். மூன்றாம் முறை அழைக்கவில்லை. நேரே வந்து கருவியைப் பிடுங்கி அணைத்துவிட்டாள். சிறுவன் கதறி அழுதான். அழுதபடியே பள்ளிக்குப் போனான். அன்றிரவு சோறும் உண்ணவில்லை.

"இது என்ன முசீபத்து காக்கா?" என்று தங்கை என்னிடம் குமுறினாள். "பரிணாமமாம், சண்டையாம்! சவுதியிலேயே இதைக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாமே! அடுப்பில் போட்டுவிடட்டுமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாத ஒன்றை 'ஆகும்' என்பதும் 'ஆகாது' என்பதும் நேர்மையன்று என்று தோன்றியது. ஆகவே சில வாரங்கள் அச்சிறுவனுக்கு மாணவனானேன். கற்றுக்கொண்டதைப் பெற்றோர்களாகிய உங்கள்முன் வைக்கின்றேன்.

பூச்சி பிடித்த சிறுவர்

போக்கிமான் விளையாட்டைப் படைத்தவர் சடோஷி தஜிரி என்னும் ஜப்பானியர். 1965ஆம் ஆண்டு பிறந்த அவர், டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். அந்நாளில் அங்கே வயல்களும் குளங்களும் இருந்தன. சிறுவர் தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதே பொழுதுபோக்கு. 'பூச்சி டாக்டர்' என்று தோழர்கள் கேலி செய்யும் அளவுக்கு அதில் தோய்ந்திருந்தார். நகரம் விரிந்தது, குளங்கள் தூர்ந்தன, கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. தாம் அடைந்த அந்த மகிழ்ச்சியைப் பிற்காலப் பிள்ளைகளும் வேறொரு வடிவில் அடைய வேண்டும் என்ற எண்ணம் அவருள் தங்கிவிட்டது.

1989ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் கேம்பாய் கருவியை வெளியிட்டது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்க இயலும் என்பதைக் கண்டபோது, அக்கம்பி வழியே ஒரு பூச்சி ஊர்ந்து செல்வதைப் போன்ற காட்சி தஜிரியின் மனத்தில் தோன்றியதாம். அதுவே இவ்விளையாட்டின் விதை. அவருடைய 'கேம் ஃபிரீக்' நிறுவனம் ஏறத்தாழ ஆறாண்டுகள் உழைத்தது. 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகள் ஜப்பானில் வெளிவந்தன. அவற்றில் இருந்த கற்பனைப் பிராணிகள் 151. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடைக்கமாட்டா. ஆகவே முழுத் தொகுப்பைச் சேர்க்க விரும்பும் பிள்ளை, மறு பதிப்பை வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையைத் தேடிப் போய்ப் பண்டமாற்றுச் செய்தே ஆக வேண்டும். தனித்திருக்கும் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

மூன்றில் ஒன்று

ஆட்டம் ஒரு சிற்றூரில் தொடங்குகின்றது. ஓக் என்னும் பேராசிரியர் மூன்று பிராணிகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முதுகில் விதை முளைத்த பல்பசோர், வால் நுனியில் தீ எரியும் பல்லியாகிய சார்மண்டர், நீரை உமிழும் சிற்றாமையாகிய ஸ்குவர்ட்டில் ஆகியவையே அம்மூன்று. இவற்றுள் ஒன்றுதான் பிள்ளையின் முதல் துணை. ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் கைவிட்டுப் போகும்.

இம்மூன்றுக்கும் இடையே ஒரு வட்டம் இருக்கின்றது. நீர் தீயை அணைக்கும். தீ செடியை எரிக்கும். செடி நீரை உறிஞ்சும். வலிமையுள்ள பக்கத்திலிருந்து தாக்கினால் அடி இருமடங்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்கினால் பாதி. எல்லாரையும் வெல்லும் பிராணி என்று ஒன்றுமில்லை. பிள்ளை தேர்ந்தெடுத்த உடனேயே அவனுடைய போட்டியாளன் வந்து, அதனை வெல்லக்கூடிய பிராணியைத் தனக்கு எடுத்துக்கொள்வான். ஆக, எதைத் தேர்ந்தாலும் அதற்குரிய சோதனை தொடர்ந்தே வரும்.

எங்கள் சிறுவன் எடுத்தது தீப்பல்லி. பார்வைக்கு அழகாக இருந்தது என்பதே காரணம். ஆனால் முதலில் எதிர்கொள்ள வேண்டிய பெரிய எதிரி, பாறைப் பிராணிகளை வளர்க்கும் பிராக். அவனிடம் 12ஆம் நிலையில் ஒன்றும் 14ஆம் நிலையில் ஒன்றுமாக இரண்டு பாறைப் பிராணிகள் உண்டு. பல்பசோரை எடுத்தவர்களுக்கும் ஸ்குவர்ட்டிலை எடுத்தவர்களுக்கும் இது எளிய வாயில். தீயை எடுத்தவருக்கோ பாறைமேல் தீ பற்றாது. இரண்டு முறை தோற்றான்.

"மாமா, தப்பா எடுத்துட்டேனா?" என்று அப்போது தன்னைத்தானே கேட்டுக்கொண்டதாகச் சொன்னான். பிறகு அவன் செய்தது என்ன தெரியுமா? காட்டுக்குத் திரும்பிப் போனான். எவரும் மதிக்காத ஒரு கம்பளிப்புழுவைத் தேடிப் பிடித்தான். அது 7ஆம் நிலையில் கூட்டுப்புழுவாயிற்று. 10ஆம் நிலையில் வண்ணத்துப்பூச்சியாயிற்று. 12ஆம் நிலையில் மனத்தால் தாக்கும் ஆற்றலைக் கற்றது. தீப்பல்லியால் அசைக்க முடியாத பாறையை அந்தப் பூச்சி சாய்த்தது. தன் செல்லப் பிராணி ஒன்றையே நம்பாமல், எளியதையும் துணை சேர்த்துக்கொண்டால்தான் வழி திறக்கும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டான்.

'பரிணாமம்' என்னும் சொல்

இனி என் தங்கையின் அச்சத்துக்கு வருகின்றேன். பிராணி வளர்ந்து வேறு உரு எடுப்பதை ஆங்கிலப் பதிப்பில் பரிணாமம் என்ற பொருள்தரும் சொல்லாலேயே குறிக்கின்றனர். ஜப்பானிய மூலத்தில் உள்ள 'ஷின்கா' என்ற சொல்லும் அதே பொருளுடையது. இச்சொல்லைக் கேட்டதும் டார்வின் நினைவுக்கு வருவது இயல்பே.

ஆனால் திரையில் நடப்பது யாது? 5ஆம் நிலையில் கைக்கு வந்த சார்மண்டர், போட்டிகளில் அனுபவம் பெற்று 16ஆம் நிலையை அடையும்போது சார்மிலியன் ஆகின்றது. 36ஆம் நிலையில் சிறகு முளைத்துச் சாரிசார்ட் ஆகின்றது. ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள்ளேயே வளர்ந்து மாறுகின்றது. டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பேசியதோ, கணக்கற்ற தலைமுறைகளின் ஊடே ஓர் உயிரினக் கூட்டம் சிறிது சிறிதாக மாறுவதைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. இவ்விளையாட்டில் நடப்பதற்கு நம் மொழியில் உருமாற்றம் என்பதே பொருத்தமான பெயர். புழு கூடு கட்டி வண்ணத்துப்பூச்சியாவதும், தலைப்பிரட்டை தவளையாவதும் உருமாற்றமே. வல்ல இறைவன் நம் வீட்டு முருங்கை மரத்திலேயே அன்றாடம் நிகழ்த்திக்காட்டும் அற்புதம் அது. பூச்சி பிடித்துத் திரிந்த ஒருவர் படைத்த விளையாட்டில் அது இடம்பெற்றதில் வியப்பென்ன?

இதில் நுட்பம் ஒன்றும் உண்டு. உருமாறத் தொடங்கும் வேளையில் 'பி' பொத்தானை அழுத்தினால் மாற்றம் நின்றுவிடும். ஏன் நிறுத்த வேண்டும்? உருமாறினால் உடல் வலிமை கூடும். ஆனால் புதிய வித்தைகளைக் கற்பது தாமதமாகும். முதல் பதிப்புகளில், தீயை வீசும் பெரிய வித்தையை மாறாத சார்மண்டர் 38ஆம் நிலையிலேயே கற்றுவிடும். சார்மிலியன் ஆகிவிட்டால் 42ஆம் நிலை வரையும், சாரிசார்ட் ஆகிவிட்டால் 46ஆம் நிலை வரையும் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் பெரியவனாவதா, பொறுத்திருந்து கற்றுக்கொண்டு பெரியவனாவதா என்ற கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளை எதிர்கொள்கின்றான்.

குறுக்கு வழியும் இருக்கின்றது. அரிய மிட்டாய் ஒன்றைத் தின்னக் கொடுத்தால் பிராணி ஒரு நிலை உயர்ந்துவிடும். ஆனால் மிட்டாய் தின்று உயர்ந்த பிராணி, போராடி உயர்ந்த பிராணியைவிட வலுக்குறைந்தே இருக்கும். போட்டிகளில் சேரும் அனுபவம் உடலில் ஊறுவதுபோல் மிட்டாயில் வந்த நிலை ஊறுவதில்லை. அன்றியும், நண்பனிடமிருந்து பண்டமாற்றில் பெற்ற பலமான பிராணி, உரிய வெற்றிச் சின்னங்கள் நம்மிடம் இல்லாவிட்டால் சொன்ன சொல் கேட்காது. தூங்கிவிடும், அல்லது தன் விருப்பப்படி நடக்கும். சிறுநிலையிலிருந்து நாமே வளர்த்த முதல் துணையோ, எந்நாளும் சொல் கேட்கும். பிள்ளை வளர்க்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கின்றதல்லவா?

சண்டை பற்றி

போட்டியில் இருவரும் முறைவைத்துத் தாக்குகின்றனர். ஒரு பிராணிக்கு ஒரு நேரத்தில் நான்கு வித்தைகள்தாம் நினைவிருக்கும். ஐந்தாவதைக் கற்க வேண்டுமாயின் ஒன்றை மறந்தாக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் ஆட்டக்காரனின் அறிவு தெரியும். உயிராற்றல் தீர்ந்த பிராணி மயங்கி விழும், சாவதில்லை. மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனால் நலம் பெற்றுவிடும். பிள்ளைகளின் ஆட்டத்தில் மரணம் வேண்டாம் என்பது தஜிரி கருதியே செய்த முடிவு.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயிருள்ள விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை நம் மார்க்கம் தடுக்கின்றது. சேவற்கட்டும் கிடாமுட்டும் நமக்கு ஆகாதவை. திரையில் மோதுபவை உயிரற்ற சித்திரங்கள் என்பது உண்மையே. எனினும் அந்த வேறுபாட்டைப் பிள்ளை தானாக உணர்ந்துகொள்வான் என்று விட்டுவிடலாகாது. "திரையில் உள்ளதற்கு வலிக்காது, தெருவில் உள்ள பூனைக்கு வலிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். "தெரியும் மாமா" என்றான். தெரிந்திருந்தாலும் சொல்வது நம் கடமை.

சவுதித் தீர்ப்பும் அதன் பின்னணியும்

என் தங்கை கேள்வியுற்ற செய்தி பொய்யன்று. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சவுதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் போக்கிமானுக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தனர். அட்டைகளை விலைக்கு வாங்கிப் போட்டியிடுவது சூதாட்டத்தை ஒத்தது. பரிணாமக் கொள்கையைப் பிள்ளைகள் மனத்தில் விதைக்கின்றது. அட்டைகளில் ஆறுமுனை நட்சத்திரம் போன்ற பிற சமயச் சின்னங்கள் உள்ளன என்பன அவர்கள் கூறிய காரணங்கள்.

அதே காலத்தில் வதந்தி ஒன்றும் அரபு நாடுகளில் பரவியது. 'போக்கிமான்' என்ற சொல்லுக்கு 'நான் யூதன்' என்று பொருள் என்பதே அது. உண்மையில் சட்டைப்பைப் பிராணி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். நம்மிடம் ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று அருள்மறை நமக்குக் கற்பித்திருக்க, இத்தகைய வதந்திகளை நாமே கைமாற்றிக் கொடுப்பது தகுமா?

2016ஆம் ஆண்டு ஜூலையில், தெருவில் நடந்து தேடும் 'போக்கிமான் கோ' கைப்பேசிகளில் வந்தபோது பழைய தீர்ப்பு மீண்டும் வெளியிடப்பட்டது. புதிய தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை என்று பின்னர் விளக்கமும் தரப்பட்டது. 2025ஆம் ஆண்டிலோ, அந்தப் போக்கிமான் கோவை நடத்திய நியாண்டிக் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி என்ற நிறுவனம் 350 கோடி டாலருக்கு வாங்கிற்று. ஸ்கோப்லி, சவுதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான குழுமத்தைச் சேர்ந்தது.

இதனை உலமாப் பெருமக்களைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. ஓர் அரசு நிதியத்தின் வணிகம் மார்க்கத் தீர்ப்பாகிவிடாது. தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் 'போக்கிமான் கூடுமா?' என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை ஆடுவது எது, அதில் நடப்பது என்ன என்பதை முழுமையாக எடுத்துரைத்துக் கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதிலும் சரியாக அமையும்.

கவனிக்க வேண்டிய இடம்

என் பார்வையில், 'பரிணாமம்' என்ற சொல்லைக் காட்டிலும் பெற்றோர் கவனிக்க வேண்டியது அவ்வறிஞர்கள் முதலில் சுட்டிய சூதைத்தான். முதல் பதிப்புகளில் செலடன் என்னும் நகரில் காசு போட்டுச் சுழற்றும் சூதாட்டப் பொறிகள் நிறைந்த கூடமே இருக்கின்றது. அங்கே சேர்த்த நாணயங்களைக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் பிராணியும் உண்டு. பிற்காலப் பதிப்புகளில் இப்பொறிகள் நீக்கப்பட்டன. பழைய பதிப்பை ஆடும் பிள்ளையிடம், "அந்தப் பொறிகளில் நாம் ஆடுவதில்லை" என்று சொல்லிவிடலாம். அங்கே ஆடாமலே ஆட்டத்தை வெற்றியுடன் முடிக்க இயலும்.

அட்டைகளின் நிலையும் இத்தகையதே. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான அவ்வட்டைகள் மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பது அரியதா, சாதாரணமா என்பது பிரித்த பின்னரே தெரியும். இதுதான் பிள்ளையை மறுபடியும் மறுபடியும் கடைக்கு இழுக்கும் கயிறு. தோற்றவன் அட்டையை இழக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினால் அது தெளிவான சூது. வாப்பா கடல் கடந்து ஈட்டிய பணம் உறை உறையாகக் கரைவதை எந்த வீடும் பொறுத்துக்கொள்ளலாகாது.

சிறகுள்ள குதிரை

இவ்வளவையும் கற்ற பிறகு, அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பிய நேரம். காற்றில் திரை விலகியது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியாலான இரு சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று. அது என்னவென்று அண்ணலார் கேட்டார்கள். குதிரை என்று பதில் வந்தது. அதன்மேல் இருப்பவை எவை என்று கேட்டார்கள். சிறகுகள் என்று பதில் வந்தது. குதிரைக்குச் சிறகா என்று வியப்புடன் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் திருப்பிக் கேட்க, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து சட்டம் எடுப்பது அறிஞர்களின் வேலை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே. உலகத்துக்கே வழிகாட்ட வந்தவர்கள், ஒரு பொம்மையின் முன் நின்று அடுத்தடுத்துக் கேள்வி கேட்டார்கள். பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். நாமோ கேட்பதற்கு முன்பே பிடுங்கிவிடுகின்றோம்.

பாங்கும் போட்டியும்

அன்று சிறுவன் ஏன் அவ்வளவு அழுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. போட்டி நடக்கும்போது ஆட்டத்தைப் பதிவு செய்ய இயலாது. அணைத்துவிட்டால், கடைசியாகப் பதிவு செய்த இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்க வேண்டும். அவன் மாலை முழுதும் பாடுபட்டுச் சேர்த்தது, 16ஆம் நிலையின் வாயிலில் நின்றபோது அழிந்துபோயிற்று. தாயின் கோபமும் நியாயம். மகனின் கண்ணீரும் நியாயம்.

ஆனால் அவனுடைய சாக்கில் ஒரு பொத்தலையும் கண்டுபிடித்தேன். இவ்விளையாட்டில் முறைவைத்தே ஆட வேண்டும். நாம் பொத்தானை அழுத்தாதவரை எதிரியும் அசையமாட்டான். கருவியை அணைக்காமல் வைத்துவிட்டுப் போனால், பல்லி இருந்த இடத்திலேயே காத்திருக்கும்.

மறுநாள் தாயையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்தேன். மூன்று உடன்பாடுகள் செய்துகொண்டோம். பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். அதன் பிறகு புதிய போட்டி தொடங்கலாகாது. எதிர்பாராமல் போட்டியின் நடுவே பாங்கு ஒலித்தால், கருவியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். உம்மா அதை அணைக்கக் கூடாது.

மூன்றாவதைக் கேட்டுத் தங்கை என்னை முறைத்தாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துப் போயிருந்தேன். பாங்கு ஒலித்தது. சிறுவன் திரையை ஒருமுறை பார்த்தான். கருவியை அலமாரியில் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு என்னுடன் பள்ளிக்கு நடந்தான். தொழுது திரும்பிய போது தங்கை அந்த அலமாரியின் அருகே நின்றிருந்தாள்.

"பயப்படாதே, நான் தொடலை" என்றாள் மகனிடம். பிறகு சற்றுக் குனிந்து திரையைப் பார்த்து, "ஏம்ப்பா, இதுக்கு வாலிலே ஏன் தீ எரியுது?" என்று கேட்டாள்.

அவன் அவளுக்கு விளக்கத் தொடங்கினான். அல்ஹம்துலில்லாஹ்.